இரும்புப் பட்டம்

நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க. ரெண்டு சேவலு மோதுது. ஒண்ணு செத்து விழுந்திருச்சு, இன்னொண்ணு நின்னுக்கிட்டு இருக்குது. கோச்சை யாருக்குங்க? செத்த சேவலைத்தான் எங்க பக்கம் கோச்சைம்போம். அது செயிச்சவனுக்குத்தான் போய்ச் சேரோணும். சேவக்கட்டுன்னு ஒண்ணு இருக்கற நாளா அதாங்க மொறை. எனக்கு மட்டும் குடுக்கலை. வருசம் ஒண்ணாச்சு, இன்னும் வயிறு எரியுது.

சித்த அக்கட்ட நவுந்துக்குங்க, இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன். மேல போட வேண்டாமுங்க, உள்ள சீர் சாமான் இருக்குது. இந்த பஸ்சுல நீங்களும் தாராபுரம் வரைக்குந்தானுங்களா? நல்லதாப் போச்சு. என்ற தங்கச்சி மவளுக்கு நாளைக்குக் காலையில கல்யாணம். நாந்தான் தாய்மாமன். பொண்ணு நெத்தியில மாமன் பட்டம் கட்டோணும், அப்பறந்தான் எங்களுக்குத் தாலியே. அந்தப் பட்டம் இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. எறங்கறதுக்குள்ள காமிக்கறேன், நீங்க அப்படியொரு பட்டத்தைப் பாத்திருக்க மாட்டீங்க.

தங்கச்சி என்ற கிட்டப் பேசி ஒரு வருசமாச்சுங்க. அவ பேரு மிருதுளா. ஒரு வவுத்துல பொறந்தவ, நாந் தூக்கி வளத்தவ. இந்தப் பட்டத்தைக் கட்டிட்டன்னா எல்லாம் சரியாப் போயிரும். அதை உட்டுட்டா எனக்கு இனி ஒறவு, ஒறம்பரைன்னு சொல்லிக்க ஒரு வாசப்படி கெடையாது. அதான் காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கேன். பாட்டில்ல தண்ணி இருக்குது, எறங்கலைங்க.

இத்தனைக்கும் காரணம் பவித்ரன்னு ஒருத்தன். தாராபுரத்துக்காரன். தொடுச்சியா ரெண்டு பொங்கலு என்ற சேவலை அடிச்சுப் போட்டானுங்க. அடிச்சான், சரி, அது கட்டுத்தரை மொறை. கோச்சைய எடுத்துட்டுப் போனான், அதுவும் மொறை. ஆனா குழம்பு வெச்சு, தூக்குப்போசியில ஊத்தி எனக்கே குடுத்து உட்டான் பாருங்க! ருசி பாத்துட்டுச் சொல்லச் சொன்னானாம். கொண்டுவந்தவன் மூஞ்சியிலயே கொதிக்கக் கொதிக்க வீசிட்டேன். அவன் பாவம், ஆசுவத்திரிக்குப் போனான். எனக்கு மனசு ஆறலை. அப்பத்தான் அடுக்குக் கடைக்குப் போறதுன்னு முடிவு பண்ணுனேன்.

அடுக்குக் கடை உங்கூர்ல இருக்குதுங்களா? அரவக்குறிச்சியில எங்களுக்கு ஒண்ணு இருக்குது. எல்லாரும் பல்லு அடுக்க, டிராக்டர் பேரிங் அடுக்கன்னு போவாங்க. அங்க ஒரு புள்ளை இருக்குது, எங்க ஆதிரையோட கூடப் படிச்ச புள்ளை. ஆதிரைன்னா நாளைக்குக் கல்யாணப் பொண்ணு. அந்தக் கடைப் புள்ளை ஒரு நா எனக்கு வெவரம் சொல்லுச்சு. மத்ததெல்லாம் ராவி, தேச்சு, அடிச்சுப் பண்றதாம். இது அப்படி இல்லையாம். செங்கல் அடுக்கிச் செவுரு எழுப்பறாப்புல, அணு மேல அணுவா வெச்சு எழுப்பறதாம். நீங்க எப்படி வேணுமுன்னு சொல்றீங்களோ, கடைசி அணு வரைக்கும் அப்படியே நிக்குமுன்னு சொல்லுச்சு.

நான் சேவலு கால்ல கட்டற கத்திய எடுத்துட்டுப் போனேன். வெரல் நீளந்தான் இருக்கும், பெறை நெலா வளைஞ்சாப்புல. மிசினுக்குள்ள வெச்சா அளவெடுத்துக்குச்சு. பழசுல முனை மழுங்கியிருக்குது, புதுசுல எது வரைக்கும் கூராக்கோணுமுன்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. நான் முழுசான்னு சொன்னேன். அது என்ற மூஞ்சியப் பாத்துச்சு.

"முழுசான்னா முனையில ஒத்த அணு வந்து நிக்குமுங்க. பட்டா வலிக்காது. தோலுறை நிக்காது, தகரம் நிக்காது. அதுக்குன்னு தனி உறை ஒண்ணு அடுக்கித் தாறேன், அதை மட்டும் கழட்டி வெச்சராதீங்க."

அந்த உறையவும் பாத்தேனுங்க. கண்ணாடியாட்டம் மினுக்குது. அதைப் போட்டுக்கிட்டுக் கட்டுத்தரைக்குப் போனா அத்தனை பேரும் என்னன்னு கேப்பானா மாட்டானா? பவித்ரன் ஒரு தரம் பாத்தாப் போதும், ஆட்டத்தையே நிறுத்திருவான். அதனால உறை வேண்டாம், கத்திய மட்டும் குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம பழைய தோலுறையே இருந்துச்சு. பாத்தா ரெண்டு கத்திக்கும் ஒரு வித்தியாசம் தெரியலைங்க. அதாங்க அந்த மிசினோட அழகு.

நடுவால மாப்ளையப் பத்திச் சொல்லோணும். தங்கச்சி ஊட்டுக்காரரு, தரணீஷுன்னு பேரு. நெம்ப நல்ல மனுசன். சேவலுன்னா உசுரு இல்லைங்க அவருக்கு, என்ற மேல உசுரு. நான் கூப்புட்டா சோத்துக் கையோட எந்திரிச்சு வருவாரு. சேவலைக் கையில புடிச்சு, எடைவேளையில தண்ணி போட்டு, ஆத்தி உடறதுல அவரை மிஞ்ச ஆளு கெடையாது. அன்னைக்கும் அவருதான் புடிச்சாரு. நான் கத்தி கட்டிக்கிட்டு இருக்கறப்ப கேட்டாரு.

"ஏனுங் மச்சான், கத்தி புதுசுங்களா?"

"பழசுதான் மாப்ள. தீட்டியிருக்குது."

அவ்வளவுதான் பேச்சு. வேற என்னத்தச் சொல்றது? சொன்னா அவரு மனசுல வெச்சுக்க மாட்டாருங்க. ஆட்டம் பாக்கற பெரியவங்ககிட்டப் போயி, இந்த மாதிரி, இந்த மாதிரின்னு சொல்லிப் போடுவாரு. நாயஸ்தன். அவரோட அந்தக் கொணம் தெரிஞ்சுதான் நான் சொல்லலை.

மொத சோடி உட்டோம். அமராவதி ஆத்தோரத் தோப்பு, சனம் நிக்க எடமில்லை. எங்க சேவலு, கருங்கீரின்னு பேரு, மேல எழும்பி ஒரு ஒதை ஒதைச்சுச்சு, ஒண்ணே ஒண்ணு. எதிர்ச் சேவலு கீழ எறங்கி ரெண்டு எட்டு நடந்துச்சுங்க. நின்னுச்சு. தலையச் சாச்சு எங்களைப் பாத்துச்சு. அப்பறந்தான் அதோட நெஞ்சு தொறந்துக்கிட்டுச்சு. கொடலு, ஈரலு அத்தனையும் மண்ணுல கெடக்குது, அது இன்னும் நிக்குது. தனக்கு என்னாச்சுன்னு அதுக்குத் தெரியலை. அப்பறம் கழுத்தைப் போட்டுச்சு. அத்தனை சனத்துல நான் மட்டுந்தான் சிரிச்சேன். எனக்கு ரெண்டு வருசத்துச் சிரிப்பு பாக்கி இருந்துச்சு.

அடுத்தாப்புல பவித்ரனோட சேவலு. வெள்ளை, நல்ல ஒசரம். ரெண்டும் நெஞ்சோட நெஞ்சு மோதிச்சுங்க. ஆகாசத்துலயே மூணு ஒதை, நாலு ஒதை. வெள்ளையோட ஒரு றெக்கை தனியாப் போயி ஒரு கெழவன் மடியில விழுந்துச்சு. அவன் அதைத் தட்டி உட்டுட்டு மறுக்காப் பாக்கறான். காலு ஒண்ணு பாதியோட போச்சு. அப்பவும் அந்த வெள்ளை மூக்கால கொத்த வருதுங்க. எதிராளி சேவலுன்னாலும் சொல்லோணும், வீரந்தான். எடைவேளைன்னு கத்துனாங்க. ரெண்டு பேரும் சேவலைத் தூக்கோணும், கத்திக்கு உறை போடோணும், தண்ணி காட்டோணும், கூப்புட்டதும் திருப்பி உடோணும். கூப்புட்டு உடலைன்னா தோத்தாப்புல. அதான் சட்டம்.

மாப்ளை தூக்குனாரு. உறைய மாட்டுனாரு. குத்தவெச்சு, ரெண்டு தொடைக்கு நடுவால கருங்கீரிய இடுக்கிக்கிட்டு, வாயில தண்ணிய வெச்சு மூஞ்சியில ஊதுனாரு. றெக்கைக்குள்ள ஊதுனாரு. நான் பக்கத்துல நின்னு வெள்ளை சாவுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். மாப்ளை சொல்றாரு:

"மச்சான், வேட்டி நனைஞ்சு போச்சு. தண்ணி சிந்திருச்சாட்ட இருக்குது."

நான் அந்தப் பக்கமே திரும்பலைங்க. "தொடைச்சுக்கிட்டு எந்திரிங்க மாப்ள, கூப்புடறாங்க"ன்னேன்.

எந்திரிச்சாரு. எந்திரிச்சதும் தொடைச் சந்துல இருந்து அடிச்சுது பாருங்க, பம்பு செட்டுல கொழாய் புடுங்கிக்கிட்டாப்புல. முன்னால நின்னவனுங்க மூஞ்சியெல்லாம் செவப்பு. மாப்ளை குனிஞ்சு பாக்கறாரு. அவருக்கு வலியே இல்லைங்க. என்ன ஏதுன்னு வெளங்காம, கையில இருக்கற சேவலைக் கீழ உடக் கூடாதுன்னு நெஞ்சோட அணைக்கறாரு. அது காலை ஒதறுது. நெஞ்சுல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு கோடு கோடா உளுவுது. அப்பறம் முட்டி மடங்கி அப்படியே உக்காந்துட்டாரு. சேவலு எகிறிக் குதிச்சு, அந்த ரத்தத்துல நின்னுக்கிட்டு ஒரு கூவு கூவுச்சு.

அதே நேரத்துல அக்கட்ட வெள்ளை செத்து விழுந்திருச்சுங்க. நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். இப்பச் சொல்லுங்க. கோச்சை யாருக்கு? ஆட்டம் பாக்கற பெரியவங்க என்ன சொல்றாங்கன்னா, கூப்புட்டு நான் சேவலை உடலையாம், அதனால நான் தோத்தாப்புலயாம். நான் கேக்கறேன், விழுந்தது மாப்ளைதானுங்க? சேவலு நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு?

என்னங்க, பையில கிழிசலா? எங்க? அட, ஆமா. புதுப் பைங்க, இன்னைக்குத்தான் எடுத்தது. இப்ப எல்லாம் பேருக்குத் தைக்கறானுங்க. இருக்கட்டும், அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கறேன்.

பவித்ரன் என்ன பண்ணுனான்னு கேளுங்க. தோளு மேல கெடந்த துண்டை உருவிக்கிட்டு ஓடிவந்து மாப்ளை தொடையில கட்டறான். அவனுக்கு அங்க என்னங்க வேலை? எனக்குத் தெரியாதா, எதுக்கு அந்தப் பாசமுன்னு? சனத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டா கோச்சைய யாரும் கேக்க மாட்டாங்கல்ல! நான் அவன் சட்டையைப் புடிச்சு, கோச்சைய வெச்சுட்டு நவுருடான்னேன். அவன் கேக்காத மாதிரி முடிச்சுப் போடறான். தண்ணிச் சொம்பு கையில இருந்துச்சு, வாயி மேலயே போட்டேன். பல்லு தெறிச்சுது. மறுக்காவும் போட்டேன். வாயில ரத்தம் ஒழுவ ஒழுவ அவன் துண்டை இறுக்கறானே கண்டி கைய எடுக்கலைங்க. அவ்வளவு அழுத்தக்காரன்.

அப்பறம் சனம் என்ற மேல பாஞ்சிருச்சு. எட்டி ஒதைச்சானுங்க, மிதிச்சானுங்க. இந்தப் பக்கத்து விலா எலும்பு இன்னைக்கும் இருமுனா வலிக்குது. மாப்ளைய பவித்ரன் வண்டியிலதான் போட்டுக்கிட்டுப் போனாங்க. அரவக்குறிச்சி தாண்டறதுக்குள்ள போயிட்டாராம். நான் கூடப் போகலைங்க. எப்படிப் போறது? சேவலு கத்தியோட தோப்புக்குள்ள திரியுது, அதைப் புடிக்கோணுமே. ஒரு கொம்பால அடிச்சுத்தான் புடிச்சேன். புடிச்சுப் பாத்தா, கத்தியில ஒரு சொட்டு ரத்தம் ஒட்டலைங்க. பளிச்சுனு இருக்குது. போலீசுக்குப் பழைய கத்தியக் குடுத்துட்டேன். சேவலு ஒதைச்சுச் செத்தாருன்னு எழுதிக்கிட்டாங்க. பொய்யா அது? சேவலுதான ஒதைச்சுது?

எழவு ஊட்டுக்குப் போனேன். வாசல்லயே மிருதுளா வந்து நின்னா. கையில அந்தத் தோலுறை இருந்துச்சு. நீளவாக்குல ரெண்டாப் பொளந்து கெடந்துச்சுங்க அது. அதை என்ற காலடியில போட்டுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. மாப்ளை மூஞ்சிய நான் பாக்கலை. கூடப் பொறந்தவனுக்குச் செய்யற மரியாதைங்களா அது? நைஞ்ச உறைங்க அது, எத்தனையோ வருசத்து உறை. அது கிழிஞ்சா நான் என்ன பண்ண முடியும்?

அந்தக் கடைப் புள்ளை எழவுக்கு வந்து, கத்தி வெவரத்தை ஆதிரைகிட்டச் சொல்லிப் போட்டுச்சாட்டம். அவளும் ஒரு வருசம் வாயத் தொறக்கலை. போன மாசம் போன் பண்ணுனா.

"மாமா, அந்தக் கத்தி உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அதைக் கடையில குடுத்துக் கலைங்க. அதே இரும்புல பட்டம் அடுக்கிக்கிட்டு வாங்க. தங்கம் வேண்டாம். அந்த இரும்பை நீங்க என்ற நெத்தியில கட்டுங்க. அம்மாவ நாஞ் சமாதானம் பண்ணிக்கறேன்."

எனக்கு அழுகை வந்திருச்சுங்க. எப்பேர்ப்பட்ட புள்ளை பாருங்க. அப்பனைத் தின்ன இரும்பை நெத்தியில வாங்கிக்கறேங்கறா, மாமன் வரோணுமுங்கறதுக்காவ. நான் அந்த நிமிசமே கெளம்பிக் கடைக்குப் போனேன். அந்த மிசினு எப்படி அடுக்குதோ அப்படியே கலைக்கவும் செய்யுமுங்க, ஒவ்வொரு அணுவா. தட்டை நீட்டுச்சு அந்தப் புள்ளை. கத்திய வெச்சேன். மூடி எறங்குச்சு.

சட்டுனு மூடியத் தூக்கிக் கத்திய எடுத்துட்டேன். நீங்களே சொல்லுங்க, அப்படியொரு கத்தி இனிக் கெடைக்குமா? இப்பெல்லாம் கூரா அடுக்க விடறதில்லையாம், சட்டம் போட்டுட்டாங்களாம். உலகத்துல அது ஒண்ணுதான். நாளன்னிக்குத் திரும்பியும் சேவக்கட்டு, தோப்புல. பவித்ரன் வரான். கல்யாணத்துல இருந்து நேரா நான் அங்கதான் போறேன், சேவலை ஒருத்தன் கொண்டாந்துருவான். அந்தக் கோச்சைய நான் வாங்காம உட்டா நான் மனுசனே இல்லைங்க.

அதனால கடப்பாரைத் துண்டு ஒண்ணு கெடந்துச்சு, அதைக் குடுத்து, இதுல பட்டம் அடுக்குன்னேன். இது அந்தக் கத்தி இல்லையேன்னு அந்தப் புள்ளை நின்னுச்சு. இரும்பணு அத்தனையும் ஒண்ணுதான், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே கெடையாதுன்னு நீதான சொன்னன்னு கேட்டேன். அதுக்கு அந்தக் குட்டி என்ன சொல்லுது தெரியுங்களா?

"அணு ஒண்ணுதானுங்க. ஆனா அந்தக் கத்தி இன்னும் வெளியில இருக்குதுங்களே."

வாயாடி. இருந்தாலும் பட்டத்தை அழகா அடுக்கிக் குடுத்துச்சு. ஆதிரைக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்? மனசுதானுங்க முக்கியம். கத்திக்குத் தோலு மூணு சுத்துச் சுத்தி, தகர டப்பாவுல வெச்சு, டப்பாவத் துணியில கட்டி அடியில போட்டிருக்கேன். ஊட்டுல கத்தியோட காம்புல கயித்தைக் கட்டி, முனை எதுலயும் படாம அந்தரத்துலதான் தொங்க உட்டிருந்தேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு இது போதும். அந்தப் பழைய உறையாட்டம் நைஞ்ச தோலு இல்லைங்க இது.

இந்த ரோடு என்னங்க, இப்படித் தூக்கித் தூக்கிப் போடறான். சரி, பட்டத்தைக் காமிக்கறேன் இருங்க, தாராபுரம் கிட்ட வந்திருச்சு. பட்டங் கட்டறது லேசுன்னு நெனைச்சராதீங்க. எல்லா மாமனும் கட்டிருவான், பொண்ணு குனிஞ்சு நிமுந்தா அவுந்துக்கும். நான் கத்தி கட்டறவன். இந்தச் சோத்துக்கையில இருக்கற கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் போதுமுங்க எனக்கு. நான் போட்ட முடிச்சு, சேவலு ஆகாசத்துல பறந்து ஒதைச்சாக்கூட அவுந்ததில்லை. நாளைக்கு மிருதுளா கிட்ட நின்னு பாப்பா. அண்ணன் முடிச்சப் பாத்தா அவளுக்கு மனசு எளகிரும்.

எங்க போச்சு இது, மேலாப்புலதான வெச்சேன். அடியில போயிருச்சாட்டம். அட, உள்ள ஒரே ஈரமா இருக்குதுங்க. தண்ணி பாட்டிலு சாஞ்சு சிந்திருச்சாட்ட இருக்குது. துணியெல்லாம் நனைஞ்சிருக்கும், பாருங்க, சனியன். இருங்க, பட்டம் கையில தட்டுப்படுது, புடிக்கத்தான் முடியலை. புடிச்சா வழுக்குது. கை மரத்துப் போச்சுங்களாட்டம், வெகு நேரம் மடிச்சு உக்காந்திருந்தன்ல.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? தாராபுரம் இன்னும் வரலையே. உங்க வேட்டியும் நனைஞ்சிருச்சுங்களா? மன்னிச்சுக்குங்க, தண்ணிதான், காஞ்சிரும். என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? என்ற கையிலயா?

அட.

வலிக்கலைங்களே. பாருங்க, கொஞ்சங்கூட வலிக்கலை. கட்டை வெரலு எங்க? ஆள்காட்டி வெரலு? ரெண்டும் இல்லையே. நாளைக்குக் காலையில முடிச்சுப் போடோணுமுங்க நானு. அந்தப் புள்ளை நெத்தியக் குனிஞ்சுக்கிட்டு நிக்குமுங்க. இல்லைங்க, துண்டு வேண்டாம், துண்டைக் கட்டாதீங்க, மொதல்ல வெரலைத் தேடோணும், அடுக்குக் கடையில குடுத்தா ஒட்ட வெச்சுத் தருவாங்க. இருங்க. ஏனுங்க, நீங்க தேட வேண்டாம். வேண்டாமுங்க, கைய எடுங்க. அந்த உறை நிக்காதுங்க, தகரமும் நிக்காது, பட்டா வலிக்கக்கூட வலிக்காது. நாஞ் சொல்றதைக் கேளுங்க மாப்ள, கைய உள்ள உடாதீங்க.